வார்ஸா நகரத்து வர்ணச் சுவர்கள்

"சினிமா போஸ்டர் பார்ப்பதற்காகவா கடல் கடந்து இத்தனை தூரம் வந்தோம்?" என்று கேட்டார் என் கணவர். கேட்ட இடம், வார்ஸா நகரில் எங்கள் பெண்ணின் வீட்டுச் சமையலறை. கேட்ட நேரம், காலை எட்டு மணி. கையில் காப்பி இருந்தபடியால் குரலில் கோபமில்லை. கேலி மட்டுந்தான்.

2013ம் வருஷம் ஜூன் மாதம் அது. மாப்பிள்ளைக்குப் போலந்து தேசத்தின் தலைநகரத்தில் உத்தியோகம். "வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போங்களேன்" என்று பெண் வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தாள். அரண்மனைகளைப் பார்த்தாயிற்று. சங்கீத மேதை ஷோபான் பிறந்த கிராமத்தைப் பார்த்தாயிற்று. இனி என்ன பார்ப்பது என்று யோசித்துக் கொண்டிருந்த சமயத்தில்தான், "நாளைக்கு என்னோடு வாருங்கள். எங்கள் ஊர்ப் போஸ்டர்களைக் காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் எதிர் வீட்டுப் பானி.

'பானி' என்பது அந்த அம்மாளின் பெயரல்ல. போலந்தில் பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. நாம் 'அம்மா' என்று சொல்லுகிறோமே, அந்த மாதிரி. எழுபத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். முதுகு சற்று வளைந்திருந்தது. நடையில் மட்டும் எங்களை முந்திக்கொண்டு போனார்.

முதலில் வில்லானூவுக்குப் போனோம். ஊரின் தெற்கு ஓரத்தில், யான் ஸொபியெஸ்கி என்ற ராஜா பதினேழாம் நூற்றாண்டில் கட்டிக்கொண்ட அழகான அரண்மனை அங்கே இருக்கிறது. 1683ல் வியன்னா நகரைத் துருக்கியர் முற்றுகையிட்டபோது படையோடு போய் மீட்டவர் இந்த ராஜாதான். அரண்மனையைச் சேர்ந்த பழைய கட்டிடம் ஒன்றில், 1968ம் வருஷம் ஜூன் 4ந் தேதி, போஸ்டர்களுக்கென்றே ஒரு மியூஸியத்தைத் திறந்தார்கள். உலகத்திலேயே அந்த மாதிரிக் காட்சிசாலைகளில் அதுதான் முதலாவது என்று சொல்லுகிறார்கள். அறுபதினாயிரத்துக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் ஒரே சமயத்தில் மாட்ட இடம் ஏது? மாற்றி மாற்றித்தான் வைக்கிறார்கள்.

அந்த ஜூன் 4ந் தேதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வருகிறது.

"ராஜா வியன்னாவுக்கு வாளோடு போனார். எங்கள் சித்திரக்காரர் ஒருவர் தூரிகையோடு போனார்" என்றார் பானி. 1948ல் வியன்னாவில் சர்வதேசப் போஸ்டர் கண்காட்சி ஒன்று நடந்தது. ஹென்ரிக் டொமஷெவ்ஸ்கி என்பவர் அதில் ஐந்து முதல் பரிசுகளை வாரிக்கொண்டு வந்துவிட்டார். ஐந்தும் சினிமாப் போஸ்டர்களுக்கு! அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. ஊரோ இடிபாடாகக் கிடந்தது.

எப்படி இடிபாடு என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தப் போஸ்டர் விஷயமே விளங்காது.

1944ல் வார்ஸா மக்கள் ஜெர்மானியரை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். அறுபத்து மூன்று நாள் சண்டை. அடக்கிய பிறகும் ஹிட்லருக்கு ஆத்திரம் தீரவில்லை. மிஞ்சியிருந்த ஜனங்களை வெளியேற்றிவிட்டு, தெருத் தெருவாக, வீடு வீடாக, வெடி வைத்தும் தீ வைத்தும் நாசமாக்கினார்கள். யுத்தம் முடிந்தபோது நகரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பாகம் தரைமட்டம். இன்றைக்கு நாம் பார்த்து மயங்குகிற 'பழைய பட்டணம்' முழுதும் அதற்கப்புறம் செங்கல் செங்கலாகத் திருப்பிக் கட்டியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் இத்தாலியச் சித்திரக்காரர் தீட்டி வைத்த தெருக் காட்சிகளையும் பார்த்துப் பார்த்து ஜன்னலும் கூரையும் வைத்தார்களாம். ஒரு நகரத்தை மறுபடி எழுப்பச் சித்திரம் உதவியது என்று கேட்டபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

"எனக்கு ஞாபகம் தெரிந்த நாளிலிருந்து வார்ஸா சாம்பல் நிறம்" என்றார் பானி. "செங்கல் தூசி, சிமெண்ட் தூசி, பழைய கோட்டு, பனிக்காலத்து ஆகாயம் எல்லாம் சாம்பல். கட்டிட வேலை நடக்கும் இடங்களைச் சுற்றிப் பலகை வேலி அடைத்திருப்பார்கள். அந்த வேலியில் போஸ்டர் ஒட்டியிருக்கும். நான் பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் அதுதான் சிவப்பு, அதுதான் மஞ்சள், அதுதான் நீலம். பொம்மைக் கடையில் பொம்மை கிடையாது. வேலியில் ராஜகுமாரனும் பறவையும் இருந்தார்கள்."

என் கணவர் கேலியை நிறுத்தியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பழைய பட்டணத்துப் பக்கம் ஒரு சின்னப் போஸ்டர் கடைக்கு எங்களை அழைத்துப் போனார் பானி. அகலமான இழுப்பறைகளில் போஸ்டர்களை மடிக்காமல் படுக்க வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் விரித்தார். பட்டுப் புடவைக் கடையில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

சினிமா போஸ்டர் என்றால் நமக்கெல்லாம் தெரியும். கதாநாயகன் முகம் பெரிதாக, கதாநாயகி முகம் அதைவிடக் கொஞ்சம் சிறிதாக, வில்லன் ஒரு மூலையில். ஹாலிவுட்டிலும் அதே கதைதான். இங்கே விரித்த போஸ்டர்களில் ஒரு நட்சத்திரத்தையும் காணோம். படத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லுகிற காட்சியும் இல்லை. படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, கண்ணை மூடினால் நெஞ்சில் என்ன நிற்கிறதோ, அதை மட்டும் போட்டிருக்கிறார்கள்.

ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' என்ற படத்துக்கு 1963ல் ரோமான் சியெஷ்லேவிச் செய்தது ஒரு மண்டையோடு. நெற்றியில் வட்டத்துக்குள் வட்டமாக ரேகைகள். பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்குத் தலை சுற்றுகிறது. படத்தின் பெயரே தலைச்சுற்றல்தானே! அதே ஹிட்ச்காக்கின் 'பறவைகள்' படத்துக்கு 1965ல் பிரோனிஸ்வாவ் ஜெலெக் போட்டதும் மண்டையோடுதான். ஆனால் இதற்குச் சிறகு முளைத்திருக்கிறது. பறவைகள் என்று பொருள்படும் போலிஷ் சொல்லையே திரும்பத் திரும்ப எழுதி, எழுத்துக்களே கூட்டமாய்ப் பறந்து வருகிற மாதிரி செய்திருக்கிறார்.

"இந்த ஊரில் மண்டையோட்டுக்கு நல்ல கிராக்கி போலிருக்கிறதே!" என்றார் என் கணவர். பெண் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாள்.

அடுத்து விரித்ததைப் பார்த்து நாங்கள் எல்லாருமே பேசாமலிருந்தோம். 'காபரே' என்ற அமெரிக்கப் படம். ஜெர்மனியில் நாஜிகள் தலையெடுத்த நாளில் ஒரு நடன விடுதியில் நடக்கும் கதை. 1973ல் விக்டர் குர்கா அதற்கு ஒரு போஸ்டர் செய்தார். நடுவில் வர்ணம் பூசிய ஒரு கோமாளி முகம். அதைச் சுற்றி, நீள மேஜோடு அணிந்த நடனக்காரிகளின் நான்கு கால்கள். முதலில் உல்லாசமான படம் என்றுதான் தோன்றும். மறு கணம் அந்தக் கால்கள் மடங்கியிருக்கும் விதம் கண்ணில் படும். ஹிட்லரின் ஸ்வஸ்திகம்! வார்ஸாவில் ஒட்டின போஸ்டர் அது. அந்த ஊரில் யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

இத்தனை சுதந்திரமாக எப்படி வரைய விட்டார்கள்? நான் இதைத்தான் கேட்டேன். ஏனென்றால் அது கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலம். அச்சடிக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் தணிக்கை அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அந்தக் காரியாலயம் இருந்த தெருவின் பெயர் மிஸியா. அதாவது சுண்டெலித் தெரு! பெயர் வைத்தவர்களுக்குத் தீர்க்கதரிசனம் இருந்திருக்க வேண்டும்.

பானி சொன்ன பதிலும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்து இதுதான். யுத்தத்துக்குப் பிறகு சினிமா முழுதும் சர்க்கார் கைக்குப் போயிற்று. 'பிலிம் போல்ஸ்கி' என்ற ஸ்தாபனம் 1946 வாக்கில் டொமஷெவ்ஸ்கியையும் எரிக் லிபின்ஸ்கியையும் கூப்பிட்டுப் போஸ்டர் வரையச் சொல்லிற்று. அந்நாளில் சினிமா போஸ்டர் என்பது கௌரவமான சித்திரக்காரர்கள் தொடாத வேலை. "வரைகிறோம். ஆனால் எங்கள் இஷ்டப்படிதான் வரைவோம். வழக்கமான நட்சத்திர மூஞ்சிகள் கிடையாது" என்று அவர்கள் நிபந்தனை போட்டார்கள். சர்க்கார் சம்மதித்தது! லாபத்துக்காக ஒரு படக்கொட்டகையோடு இன்னொன்று போட்டி போட வேண்டியதில்லை. பொழுது போக்க வேறு வழியில்லாத ஜனங்கள் எப்படியும் படத்துக்கு வரத்தான் போகிறார்கள். எங்கள் முகத்தை இவ்வளவு பெரிதாகப் போட வேண்டும் என்று சண்டை பிடிக்க ஹாலிவுட் நட்சத்திரங்கள் யாரும் வார்ஸாவில் இல்லை. அதிகாரிகளுக்கும், இது வெறும் சினிமா விளம்பரந்தானே என்ற அலட்சியம். அந்த அலட்சியத்தின் சந்தில் ஒரு பெரிய கலை நுழைந்துவிட்டது.

பொருள்களுக்குத்தான் பஞ்சம். காகிதம் மட்டம். மையும் சரியாக அமையாது; அச்சகத்தில் ஒரு சிவப்பு கேட்டால் வேறொரு சிவப்பு வரும். ஆகவே கையாலேயே எழுத்து எழுதினார்கள். கத்தரித்து ஒட்டினார்கள். நாலு தீற்றல் தூரிகையில் விஷயத்தை முடித்தார்கள். சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிற பெண்பிள்ளை, இருக்கிற காய்கறியை வைத்துக்கொண்டு விருந்து சமைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1949ல் கலையெல்லாம் உழைப்பாளியையும் டிராக்டரையும் புகழ்ந்துதான் வரவேண்டும் என்று மேலிடத்துக் கட்டளை பிறந்தது. அந்த நாளிலும், 1952ல், வோய்செக் பாங்கோர் என்ற ஓவியர் ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு, கான்வாஸில் தீட்டுகிற ஓவியம் போலவே ஒரு போஸ்டரைத் தீட்டினார். அதே 1952ல் தாதேயுஷ் டிரெப்கோவ்ஸ்கி செய்த யுத்த எதிர்ப்புப் போஸ்டர் ஒன்று உண்டு. சினிமாவுக்கல்ல, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விழுகிற வெடிகுண்டின் உருவம். அந்த உருவத்துக்குள்ளேயே இடிந்து நிற்கும் ஒரு வீடு. கீழே ஒரே ஒரு வார்த்தை: 'வேண்டாம்!' அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து, நாற்பது வயதிலேயே அவர் போய்விட்டார்.

குறும்புக்காரர்களும் உண்டு. பிரான்சிஷெக் ஸ்டாரோவேய்ஸ்கி என்பவர் தம் படங்களில் தேதி போடும்போது முந்நூறு வருஷத்தைக் கழித்துவிட்டுத்தான் போடுவார். 1973ல் வரைந்தது 1673 ஆகிவிடும். தாம் பிறந்திருக்க வேண்டிய நூற்றாண்டு அதுதான் என்ற எண்ணம் போலும்!

பெண்கள் யாரும் வரையவில்லையா என்று கேட்டேன். கடைக்காரர் இன்னொரு இழுப்பறையைத் திறந்தார். தெரேசா பிஷெவ்ஸ்கா, மரியா இஹ்னாடோவிச், பார்பரா பரனோவ்ஸ்கா. இஹ்னாடோவிச்சுக்கு 'மூஹா' என்று செல்லப் பெயர். போலிஷ் பாஷையில் ஈ என்று அர்த்தமாம்! பரனோவ்ஸ்கா பாரிஸுக்குப் போய் 'பாஷா' என்று கையெழுத்திட்டு வரைந்தார். 1981ல் வெளிவந்த ஒரு பயங்கரப் படத்துக்கு அவர் தீட்டிய மெடூஸா போன்ற பெண் உருவத்தை இன்றும் ரஸிகர்கள் தேடி வாங்குகிறார்கள். புகழ்பெற்ற ஆண்களைப் பற்றி எழுதிய புத்தகங்கள் கடையில் அடுக்கடுக்காக இருந்தன. இந்தப் பெண்களைப் பற்றி ஒன்று கேட்டேன். கடைக்காரர் தோளைக் குலுக்கினார்.

கடையை விட்டுக் கிளம்பும்போது சுவரில் இருந்த ஒரு போஸ்டரின் முன்னால் பானி நின்றுவிட்டார்.

அதில் ஓர் ஆள் நேராக நம்மை நோக்கி நடந்து வருகிறான். குதிரைக்காரத் தொப்பி. அமெரிக்க நடிகர் காரி கூப்பர் என்று என் கணவருக்கு உடனே தெரிந்துவிட்டது. "ஹை நூன்! உச்சிவேளை! காலேஜ் நாளில் பார்த்தேன்" என்றார். ஊரே பயந்து கதவைச் சாத்திக்கொள்ள, ஒரு மார்ஷல் தன்னந்தனியாகக் கயவர்களை எதிர்த்து நிற்கும் கதை. ஆனால் இந்தக் கூப்பரின் கையில் துப்பாக்கி இல்லை. வோட்டுச் சீட்டு இருக்கிறது! மார்பில் மார்ஷலின் நட்சத்திரத்துக்கு மேலே 'ஸொலிடார்னோஷ்ச்' தொழிற்சங்கத்தின் வில்லை. அவனுக்குப் பின்னால் அதே பெயர், சிவப்பாக, பெரிதாக. கீழே: 'உச்சிவேளை, 1989 ஜூன் 4.'

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தத் தேதி! போஸ்டர் மியூஸியம் திறந்து இருபத்தோரு வருஷம் ஆன அதே நாளில், நாற்பது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரே கட்சி ஆட்சிக்குப் பிறகு, போலந்து மக்கள் ஓரளவு சுதந்திரமாக வோட்டுப் போட்டார்கள். 'ஓரளவு' என்று ஏன் சொல்லுகிறேன் என்றால், கீழ்ச் சபையில் 460 ஸ்தானங்களில் 161க்குத்தான் யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம். அந்த 161ஐயும் ஸொலிடார்னோஷ்ச் வென்றது. மேல் சபையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது!

அந்தப் போஸ்டரைச் செய்தவர் தோமாஷ் சர்னெட்ஸ்கி என்ற சித்திரக் கல்லூரி மாணவர். அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை, 1959ல் அந்தப் படம் போலந்துக்கு வந்தபோது மரியான் ஸ்டாஹுர்ஸ்கி என்பவர் செய்த போஸ்டர்.

பானி மெதுவாகச் சொன்னார். "1959ல் எனக்குப் பத்தொன்பது வயது. அவரோடு முதல் முதலாகப் போன படம் இது. கலியாணத்துக்கு முன்னால்! அம்மாவிடம் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னேன். கொட்டகை வாசலில் இந்த மனிதனின் போஸ்டருக்குக் கீழேதான் அவர் எனக்காகக் காத்திருந்தார். முப்பது வருஷம் கழித்து வோட்டுப் போட நாங்கள் இரண்டு பேரும் நடந்து போகிறோம். முனை திரும்பினால், சுவரில் அதே மனிதன்! அவர் தொப்பியைக் கழற்றிக் கொண்டு, 'பார், நமக்காகத் திரும்பி வந்திருக்கிறான்' என்றார். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அதற்கு முன்னால் ஒரு தேர்தலிலும் எங்கள் வோட்டுக்கு ஒரு மதிப்பு இருந்ததில்லை, பாருங்கள்."

அவர் கைக்குட்டையைத் தேடினார். என் பெண் தன்னுடையதைக் கொடுத்தாள்.

ஜூன் 4 இன்னொரு காரியத்தையும் செய்தது. சர்க்காரின் ஏகபோகம் போயிற்று. வெளிநாட்டுக் கம்பெனிகள் படத்தோடு போஸ்டரையும் அச்சடித்தே அனுப்பத் தொடங்கின. பழையபடி பெரிய பெரிய நட்சத்திர முகங்கள்! சுதந்திரம் வந்த கையோடு சித்திரக்காரர்களின் சினிமா வேலை பெரும்பாலும் போய்விட்டது. நாடகத்துக்கும் கண்காட்சிக்கும் வரைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய தாள்களோ ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. இதில் வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா என்று பானியைக் கேட்டேன். "வோட்டா, போஸ்டரா என்று கேட்டால் வோட்டுத்தான். ஆனால் என்னை அப்படிக் கேட்காதீர்கள்" என்றார்.

அன்று மாலை அவர் வீட்டில் எங்களுக்குப் 'பியரோகி' விருந்து. பார்த்தால் சோமாசி, வெந்தால் கொழுக்கட்டை. கோதுமை மாவை அப்பளமாக இட்டு, உருளைக்கிழங்கும் பாலாடைக் கட்டியும் பிசைந்து உள்ளே வைத்து, விளிம்பை விரலால் மடித்து, கொதிக்கிற வெந்நீரில் போடுகிறார்கள். மேலே வந்து மிதந்தால் பதம். வதக்கிய வெங்காயத்தை மேலே தூவ வேண்டும். மாமிசம் துளியும் இல்லை என்று பானி மூன்று தடவை சத்தியம் செய்தார்.

அடுப்பங்கரைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு காகிதத் துண்டு மாட்டியிருந்தது. இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். பழுப்பேறிய சிவப்பு. ஓர் ஓரத்தில் கறுப்பாகப் பாதி எழுத்து. மற்றொரு ஓரத்தில் ஒரு வளைவு, பறவையின் கழுத்தோ, பெண்ணின் தோளோ தெரியவில்லை.

"எனக்குப் பன்னிரண்டு வயது. நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடக் காகிதம் கிடையாது. மழை பெய்த மறுநாள் வேலியிலிருந்து உரித்து எடுத்து வந்தேன். பசை ஈரமாக இருந்தது. யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கோட்டுக்குள் ஒளித்து ஓடி வந்ததில் என் சட்டையெல்லாம் சிவப்பாகிவிட்டது. அம்மா ரத்தம் என்று நினைத்து அலறிவிட்டாள்."

"என்ன படத்துப் போஸ்டர் இது?" என்று கேட்டேன்.

"தெரியாது. மியூஸியத்தில் கொண்டு போய்க் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள் என்று என் பேரன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாக நானே அதற்கு எத்தனையோ கதைகள் கட்டி வைத்திருக்கிறேன். இப்போது போய் ஏதோ ஓர் அசட்டுப் படம் என்று தெரிந்தால் என்ன செய்வது?"

சொல்லிவிட்டு, கொதிக்கிற பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். பியரோகிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து மிதந்துகொண்டிருந்தன. என் கணவர் நாற்காலியை மேஜைக்கருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கடையில் ரகசியமாக வாங்கி வந்திருந்த நீளக் குழலை யார் காலிலும் படாமல் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார். அதற்குள் காரி கூப்பர் சுருண்டிருந்தார்.